வரையப்பட்ட சலங்கும் வரையப்படாத கப்பலும்

லா சப்பலில் நாம் மரக்கறிக்கும் கருவாட்டுக்கும் அலைகிற வீதிகளில் ஒன்றுக்குப் பிலிப் து ஜிரார் என்று பெயர். பல வருடங்கள் அந்த வீதியால் நடந்து திரிந்த பிறகுதான் அவர் யாரென்று தேடிப் படித்தேன். 1810 மே மாதம் நெப்போலியன் ஓர் ஆணை பிறப்பித்தான். ஆளிநாரை இயந்திரத்தால் நூற்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்து இலட்சம் பிராங் பரிசு. ஆங்கிலேயரின் பருத்தியைப் பிரெஞ்சு லினனால் வெல்லவேண்டும் என்பது கணக்கு. அதே ஆண்டு யூலையில் ஜிரார் தனது இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். பரிசு கொடுபடவில்லை. பேரரசு விழுந்தது. கடன்பட்ட மனிதர் வியன்னாவுக்கும் பின்னர் போலந்துக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே ஷிரார்டூவ் என்று ஓர் ஊர் இன்றும் அவருடைய பெயரைச் சுமக்கிறது. ஒரு வகையில் நம்மைப் போன்ற ஆள்தான்.

ஓர் அரசு தனக்கு நாளைக்குத் தேவைப்படும் பொருளை இன்றைக்கே பெயரிட்டு, அதற்குப் பணம் ஒதுக்கி, செய்து தரக்கூடிய ஆளைத் தேடுகிறது. ஆராய்ச்சியைத் திட்டமிடுதல் என்று இப்போது சொல்லப்படுவதன் பழைய வடிவம் இது. பிரெஞ்சு அரசு இதை மற்றெல்லாவற்றையும்விட நீண்ட காலம், விடாப்பிடியாக, பல தடவை முட்டாள்தனமாகவும் செய்துபார்த்த துறை போர்க்கப்பல் வடிவமைப்பு. அந்தக் கதையின் ஒரு மூலையில் எங்களுடைய கரையும் வருகிறது. அந்த மூலையைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு நமது சஞ்சிகைகளும் ஒரு காரணம். 'கடல் கடந்த தமிழன்', 'உலகுக்குக் கட்டுமரம் தந்த இனம்' என்ற தலைப்புகளில் வருகிற கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அவற்றில் 1025இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல் அனுப்பிய படை தவறாமல் வரும். அந்தப் படை ஏறிப்போன கப்பலின் நீளம் என்ன, அகலம் என்ன, ஏரா எந்த மரம் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. எனக்கும் தெரியாது. யாரும் வரைந்து வைக்கவில்லை.

கட்டுமரம் பற்றிய பெருமையையும் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். சொல் எங்களுடையது, சந்தேகமில்லை. ஆனால் இன்று 'கட்டமரான்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படை படைகளை ஏற்றிப் போகும் இரட்டை உடல் கப்பலுக்கும், மரக்குற்றிகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் எங்கள் மிதவைக்கும் வடிவத்தில் உறவில்லை. இரட்டை உடல் பொலினேசியருடைய அறிவு. ஐரோப்பியர் இரண்டையும் குழப்பி ஒரு பெயரில் போட்டார்கள். இந்தக் குழப்பத்துக்கு ஒரு பாரிஸ் கிளைக்கதையும் உண்டு. ரொபேர்ட் புல்ரன் என்ற அமெரிக்கர் 1797இல் பாரிசுக்கு வந்து, நீருக்கடியில் போகும் கலம் ஒன்றைப் பிரெஞ்சு அரசிடம் விற்க முயன்றார். 1800இல் அது கட்டப்பட்டு சேன் நதியில் பரீட்சிக்கப்பட்டது. 'நோட்டிலஸ்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் கடைசியில் வாங்கவில்லை. மனிதர் கடலைத் தாண்டி எதிரியிடம் போய், வெடிமருந்து நிரப்பிய மிதக்கும் பெட்டிகளைச் செய்து கொடுத்தார். 1804 ஒக்டோபரில் ஆங்கிலேயர் புலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கலங்கள்மேல் அவற்றை ஏவினர். அந்தப் பெட்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கட்டமரான்'. மெரினாக் கரையில் மீன்பிடிக்கப் போகிறவனின் சொல் இப்படியாக ஒரு வெடிகுண்டின் பெயராயிற்று. பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிரெஞ்சுக்காரரின் முறையைப் பார்ப்போம். 1741இல் துய்அமெல் து மோன்சோ என்ற அறிஞர் பாரிசில் கப்பல் கட்டுநர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவரை கப்பல் கட்டுவது, எங்கள் மேத்திரிமாரிடம் இருந்ததைப்போலவே, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் இரகசியம். துய்அமெல் அவர்களைக் கடலே இல்லாத பாரிசுக்கு அழைத்துக் கணிதம் படிப்பித்தார். தான் சேர்த்த கப்பல் மாதிரியுருக்களை 1748இல் அரசனுக்குக் கொடுத்தார். அவை லூவ்ரில் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக வைக்கப்பட்டன. இதே காலத்தில், 1746இல், பியேர் பூகே 'கப்பல் பற்றிய நூல்' என்ற பெரும் புத்தகத்தை வெளியிட்டார். பெரு நாட்டு மலைகளில் பூமியின் வடிவத்தை அளக்கப் போயிருந்த காலத்தில் அவர் எழுதியது அது. கப்பல் ஒரு பக்கம் சரியும்போது தானாக நிமிருமா, கவிழுமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லும் வழியை அதில் காட்டினார். சரிந்த கப்பலை நீர் மேலே தள்ளும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி ஒன்று உண்டு. பாரத்தின் மையம் அப்புள்ளிக்குக் கீழே இருந்தால் கப்பல் பிழைக்கும். மேலே போனால் கவிழும்.

எங்களிடம் எழுத்தே இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 'கப்பல் சாத்திரம்' என்ற தமிழ்ச் சுவடியைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950இல் அச்சிட்டது. மரங்களின் குணம், ஏராவுக்கு வெட்டும் மரத்தின் இலக்கணம், நீள அகல விகிதம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு விகிதம் தவறினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அது தரும் பதில், உடையவனுக்குப் பொருள் நாசம், உயிர் நாசம் என்பது. பூகே தரும் பதில், இத்தனை பாகை சரிந்தால் கவிழும் என்பது. ஏட்டை எழுதியவர் மூடர் என்பதல்ல என் கருத்து. தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம்தான் சோதிடத்தின் பாஷையில் அங்கே கிடக்கிறது. ஆனால் முதலாவதைப் பரீட்சித்துத் திருத்த முடியாது. இரண்டாவதை முடியும்.

இனி எங்கள் மூலைக்கு வருகிறேன். பிரான்சுவா எத்மோன் பாரி 1806இல் இந்த நகரத்தில் பிறந்த கடற்படை அதிகாரி. இளவயதில் மூன்று தடவை உலகம் சுற்றும் பயணங்களில் போனவர்: 1826இல் 'அஸ்த்ரோலாப்', 1829இல் 'பவோரீத்', 1837இல் 'ஆர்ட்டெமீஸ்'. கப்பல் நங்கூரமிட்ட இடமெல்லாம் அந்தந்த ஊர்க்காரரின் வள்ளங்களை அளந்து வரைந்தார். வெறும் காட்சிச் சித்திரமல்ல. துய்அமெல்லின் பள்ளி வழி வந்த முறையில், மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒன்று, குறுக்கு வெட்டு ஒன்று, அளவுகளோடு. 1841 தொடக்கம் 1843 வரை பாரிசில் அவை புத்தகமாக வந்தன. 'ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றிய ஆய்வு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய தகடுகள். தேசிய நூலகம் அதைக் கணினியில் ஏற்றியிருப்பதால் இன்று யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கோரமண்டல் கரையும் இலங்கையும் அதில் இருக்கின்றன. கட்டுமரம் இருக்கிறது. தோணி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 'ஷெலாங்' என்று எழுதிய சலங்கு இருக்கிறது. ஆங்கிலேயர் சென்னையில் மசுலாப் படகு என்றது இதன் வகையைத்தான். துறைமுகம் இல்லாத புதுச்சேரியிலும் சென்னையிலும் கப்பல்கள் வெளியே நிற்கும். சாமானும் மனிதரும் உடைகிற அலையைக் கடந்து கரைக்கு வருவது சலங்கில்தான். அதன் பலகைகளில் ஆணி கிடையாது. கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த ஐரோப்பிய வள்ளம் மணலில் மோதும்போது விறைப்பால் பிளந்துபோகும். தைத்த உடல் வளைந்து கொடுத்துத் தப்பும். அந்தக் கரையின் ஏழைத் தொழிலாளர் கண்டுபிடித்த தீர்வு இது. அரசாங்கங்கள் இரண்டு நூற்றாண்டாக அதில் ஏறித்தான் கரையிறங்கின.

ஆர்ட்டெமீஸ் பயணத்தின்போது புதுச்சேரியில் ஓர் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் அகப்பட்டு பாரி தன் இடது கையை இழந்தார். தைத்த படகுகளை வரைந்துகொண்டிருந்த மனிதனின் கையை நீராவி யுகம் வந்து எடுத்துக்கொண்டது. நாவலாசிரியன் இதை எழுதினால் மிகை என்போம். அவரோ நீராவியை வெறுக்கவில்லை. மிச்சக் கையோடு திரும்பிப்போய் நீராவிக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார், உந்துசுழலி பற்றிப் புத்தகம் எழுதினார், 1864இல் வைஸ் அட்மிரலானார். 1871இல் லூவ்ரிலிருந்த கடற்படை நூதனசாலைக்குப் பொறுப்பாளராகி, தனது பழைய வரைபடங்களைக் கொண்டு மாதிரியுருக்களைச் செய்வித்தார். 1893இல் இறக்கும்வரை அதுவே அவருடைய வேலை. நூதனசாலை இப்போது த்ரொக்கதேரோவில் இருக்கிறது. பல வருடம் மூடிக்கிடந்து 2023 நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். லா சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோ ஏறி எத்துவாலில் மாறினால் அரைமணி நேரம்.

எட்வேர்ட் செய்த்தைப் படித்த நமது நண்பர்கள் உடனே சொல்வது தெரியும்: அளப்பவன் ஆள்பவன், அளக்கப்படுபவன் ஆளப்படுபவன். உண்மை. பாரியின் தகடுகளில் பலகையின் நீளம் உண்டு, அதைத் தைத்தவனின் பெயர் இல்லை. ஆனால் அத்தோடு நிறுத்தினால் முக்கியமான கேள்வி தப்பிப்போகிறது. 1850இல் துய்ப்புய் து லோம், சுழலியால் உந்தவென்றே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது பெரும் வரிசைப் போர்க்கப்பலைத் துலோனில் நீரிலிறக்கினார். 1859இல் இரும்புக் கவசம் போர்த்திய 'குளுவார்' இறங்கியது. இவற்றில் எங்கள் தோணியின் ஒரு கோடு கூட இல்லை. அப்படியானால் எதிர்காலக் கப்பலைத் திட்டமிடும் கடற்படை எதற்காக மறைந்துகொண்டிருக்கும் வள்ளங்களை வரைய ஒரு தளபதியை இருபது வருடம் வைத்திருந்தது? என்னுடைய பதில் இது: வரைந்து சேர்த்து வைக்கும் பழக்கம் ஒரு தனிப் பழக்கம். அது உடனடிப் பயனைக் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் உள்ள இடத்தில்தான் பிழைகளும் பதிவாகின்றன, பிழை பதிவான இடத்தில்தான் அடுத்த கப்பல் திருந்துகிறது.

அந்த நாட்டாருக்கும் இது சுலபமாக வரவில்லை. 1886இல் கடற்படை அமைச்சரான அட்மிரல் ஓப், பெரிய போர்க்கப்பல்களின் வேலையை நிறுத்திவிட்டுச் சிறிய டோர்பீடோ படகுகளைக் கட்டச் சொன்னார். பணக்கார இங்கிலாந்தை ஏழைகளின் ஆயுதத்தால், கூட்டமாகப் பாயும் சிறு கலங்களால் வெல்லலாம் என்பது அவருடைய 'இளம் பள்ளி'யினரின் வாதம். கேட்க மிக நன்றாக இருந்தது. அந்தப் படகுகளோ கொந்தளித்த கடலில் நிற்கமாட்டாமல் தத்தளித்தன. அமைச்சர் மாறினார், கொள்கை மாறியது. 1890களில் ஒரே திட்டத்தின்கீழ் ஐந்து போர்க்கப்பல்கள் கட்டப்பட்டபோது ஐந்தும் ஐந்து வடிவம். 'மாதிரித் துணுக்குகளின் கடற்படை' என்று பிரெஞ்சுக்காரரே கேலி செய்தார்கள். அவற்றில் ஒன்றான 'பூவே' 1915 மார்ச் 18இல் தார்தனெல்ஸ் நீரிணையில் கண்ணிவெடியில் மோதி, சில நிமிடங்களுக்குள் கவிழ்ந்து தாண்டது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே போனார்கள்.

இந்தக் கப்பல்களின் உறுதியின்மையை முன்பே எச்சரித்தவர் எமில் பேர்தன் என்ற பொறியியலாளர். 1886 முதல் 1890 வரை யப்பானுக்குக் கடற்படை கட்டிக்கொடுக்க அனுப்பப்பட்டவர். ஆங்கிலேயர் வில்லியம் புரூட் 1872இலேயே ரோர்க்கேயில் ஒரு நீள்தொட்டி கட்டி, மெழுகில் செய்த சிறு கப்பல்களை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணிக்கக் கற்றிருந்தார். பேர்தன் விடாமல் வாதாடி, 1906 அளவில் பாரிஸ் பதினைந்தாம் வட்டாரத்தில் பூல்வார் விக்தோர் பக்கம் அப்படியொரு பரிசோதனைத் தொட்டி அமைந்தது. இங்கிலாந்துக்கு முப்பத்துநாலு வருடம் பிந்தி! தொட்டி பின்னாளில் நோர்மண்டியிலுள்ள வால் து ரொய்க்குப் போய்விட்டது. அந்தச் சுற்றாடலில் 2015 தொடக்கம் பாதுகாப்பு அமைச்சின் பெருங்கட்டிடம் நிற்கிறது. 2020 டிசம்பரில் மக்ரோன் அறிவித்த அடுத்த விமானந்தாங்கி 2038 அளவில் கடலுக்கு வரவேண்டும். பதினெட்டு வருட முன்னேற்பாடு. இவ்வளவு முன்னேற்பாட்டிலும் இப்போதைய 'சார்ல் து கோல்' கட்டி முடியும் தறுவாயில், வாங்கவிருந்த கண்காணிப்பு விமானத்துக்கு ஓடுதளம் போதாதென்று கண்டு நாலு மீட்டருக்கு மேல் நீட்டினார்கள். 2000 நவம்பரில் அதன் சுழலி உடைந்தபோது, சுழலியைச் செய்த தொழிற்சாலையின் வடிவமைப்பு ஆவணங்கள் தீயில் போய்விட்டன என்று தெரியவந்தது. ஆவணம் எரிந்தால் பேரரசும் விழிக்கத்தான் வேண்டும்.

எரிந்த ஆவணம் என்றதும் வாசகருக்கு 1981 யூன் ஞாபகம் வரும். ஆனால் எங்கள் கப்பல்கள் அந்த நெருப்பில் எரியவில்லை. அவை ஒருபோதும் கடதாசிக்கு வரவில்லை.

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். இறங்கூனுக்கும் சென்னைக்கும் ஓடிய வர்த்தகப் பாய்க்கப்பல்களின் வரிசையில் வந்தவள். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதன் வடிவத்தில் மயங்கி வாங்கி, மனைவியின் பெயரை வைத்து, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயெஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் கடந்து 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதுவரை வழக்கமான பெருமைக் கதை. சொல்லப்படாத பாதி றொபின்சனைப் பற்றியது. அவருக்கு அதே மாநிலத்து இப்ஸ்விச்சில் ஒரு கப்பல்தளம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அது அமெரிக்கக் கடற்படைக்கான சிறு கலங்களைக் கட்டிக் குவித்தது. அதே வருடங்களில் வல்வெட்டித்துறையில் என்ன நடந்தது? யப்பானியரிடம் பர்மா விழுந்ததோடு அரிசி வியாபாரம் படுத்தது. சுதந்திரத்தின் பின் சுங்கமும் கடவுச்சீட்டும் வந்தன. ஓடியவை கடத்தல்காரர் என்று பெயர் வாங்கின. மேத்திரிமார் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். கைவினையில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இருந்திராது. ஒன்றின் பின்னால் கட்டளையிடும் ஓர் அரசும், கோடு கிழித்து வைக்கும் ஒரு வரைபலகையும் இருந்தன. மற்றதில் மேத்திரியாரின் கண் மட்டும் இருந்தது. கண் மூடியதும் கப்பலும் முடிந்தது.

பிறகு ஒரே ஒரு தடவை எங்கள் கரையில் கலவடிவமைப்பு பணம் ஒதுக்கி, ஆள் அமர்த்தி, பரீட்சித்துச் செய்யப்பட்டது. அது போருக்காக. இதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையல்ல. 1960களின் பிற்பகுதியில் நோர்வேக்காரரின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் மீனவருக்காகக் கண்ணாடியிழைப் படகு கட்டியது. காரைநகரில் இன்று நிற்கும் கடற்படைத் தளத்துக்கு, வேடிக்கை, எல்லாளனின் பெயர். கண்ணாடியிழையிலேயே பின்னர் வன்னியில் கடற்புலிகளின் படகுகளும் வார்க்கப்பட்டன. சிறிது, வேகம், கூட்டம்: அட்மிரல் ஓப்பின் வாதம் நூறு வருடம் கழித்து முல்லைத்தீவில் வந்து நின்றது. இலங்கைக் கடற்படையும் அதையே படித்து, 2006க்குப் பின் உள்ளூரில் தொகையாகச் சிறு படகுகளைக் கட்டிக் கூட்டமாக இறக்கியது. இருதரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றன. இடையில் மீனவனுக்குக் கடலில் இறங்கவே தடை. அந்தப் படகுகளில் ஏறிப்போன பிள்ளைகள் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். திரும்பி வராமலிருப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட படகும் அவற்றில் இருந்தது. ஒரு சமூகத்தின் பொறியியல் திறமை அந்த வடிவத்தில் வெளிப்பட்டது என்பதை வீரம் என்றோ பயங்கரம் என்றோ ஒரு சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2009 மே மாதத்துக்குப் பின் எஞ்சிய கலங்கள் புதுக்குடியிருப்பில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாயின. வரைந்தவர்கள் இறந்தார்கள், அல்லது வாய் திறக்கமாட்டார்கள். வென்றவனின் நூதனசாலையில் இருப்பது இரும்பும் பிளாஸ்ரிக்கும். அதைக் கட்டியவர் எதைப் பிழையென்று கண்டு எதைத் திருத்தினார் என்பது அங்கே இல்லை. பாரியின் தகடுகளில் தைத்தவனின் பெயர் இல்லாததைப் போலத்தான் இதுவும். வித்தியாசம், இந்தத் தடவை மறைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பலைச் சேவையில் சேர்த்தது. மாதிரிக்கு எடுத்தது அஜந்தா ஓவியம் ஒன்றை. வரைபடம் எதுவும் மிஞ்சாததால், சுவர்ச் சித்திரத்திலிருந்து உடலின் வடிவத்தை ஊகித்து, மாதிரியுரு செய்து, சென்னை ஐ.ஐ.டி.யின் சமுத்திரப் பொறியியல் துறையில் நீரில் பரீட்சித்த பிறகே கட்டினார்கள். தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளத்துக் கைவினைஞர்கள். ஒரு கடற்படை தனது ஆராய்ச்சித் திட்டத்தைப் பின்னோக்கி நடத்தவேண்டி வந்தது. பெருமைக்கு ஒரு பழைய பெயர் வைத்ததைப் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. அளவுகளை எழுதி வைத்ததைப் பற்றி இல்லை.

சென்ற மாரியில் பாரியின் தகடுகள் சிலவற்றைப் பிரதியெடுத்து, லா சப்பல் தேநீர்க்கடையில் வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவருக்குக் காட்டினேன். எழுபத்தெட்டு வயது, தகப்பன் கப்பலில் போனவர். சலங்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கடை இல்லை. அங்காலைக் கரை ஆக்களின்ரை. நாங்கள் ஆணி அடிக்கிறனாங்கள்" என்று தள்ளி வைத்தார். தோணியைக் கண்டதும் பேனையை என்னிடம் வாங்கி, நான் கேட்காமலே எழுதத் தொடங்கினார்: அணியம், ஏரா, வங்கு, பருமல், சுக்கான். பக்கத்து மேசையிலிருந்த மாதகல்காரர் எழும்பி வந்து வங்கு என்பது இந்த இடமல்ல, அந்த இடம் என்றார். முக்கால் மணி நேரம் சண்டை. இரண்டு பேருடைய சொற்களையும் தனித்தனி நிறத்தில் குறித்து வைத்திருக்கிறேன். மயிலிட்டியிலோ மண்டைதீவிலோ வேறு சொல் கேட்டவர்கள் எழுதினால் மூன்றாவது நிறமும் இருக்கிறது.